சேதுக்கரைக்கு வருகிறீர்களா? தென்கடலையும் வடகடலையும் சேர்த்தே பாருங்கள்

ஆடி அமாவாசைக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சேதுக்கரைக்கு வருகிறோம், அப்பாவுக்குத் திதி கொடுத்தபிறகு இரண்டு நாள் கையில் இருக்கிறது, ராமேஸ்வரம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, அந்தச் சின்ன ஊரில் என்ன இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேதுக்கரை ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில் திருப்புல்லாணி வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிச் சுமார் 4 கிலோமீட்டர். சாலை கடலில் போய் முடியும். கடலைப் பார்த்தபடி ஓர் ஆஞ்சநேயர் கோயில், திதி கொடுக்க வருகிறவர்கள் உட்காரக் கொட்டகை, நாலைந்து கடை, கரையோரம் படகுகள், அப்புறம் பனைமரமும் சீமைக்கருவேலும். அவ்வளவுதான் ஊர். சாதாரண நாளில் மத்தியானம் போனால் ஆளைவிடக் காக்கை அதிகம். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் அதே இடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ராமேஸ்வரம் போகிற வேன்கள் இங்கே அரைமணி நேரம் நின்று, ஒரு முங்கு முங்கிவிட்டுக் கிளம்பிவிடும். நிறையப் பேருக்கு இந்த ஊர் அந்த அரைமணி நேரம் மட்டும்தான். கோயிலும் கடலும் பார்த்தாச்சு, வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சேதுக்கரையைத் தனியாகப் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். ஊரை மட்டும் பார்க்காமல், அதன் முன்னால் கிடக்கிற கடலையும் அந்தக் கடலை நம்பிப் பிழைத்த அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நாள் போதாது.

ஊருக்குள் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வாசல்களில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். இரும்புச் சட்டத்தில் வரிசையாக வளையங்கள், வளையத்துக்கு ஒரு குடம். ராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களில் சைக்கிள் இல்லாத வீடுகூட உண்டு, இந்த வண்டி இல்லாத வீடு அபூர்வம். ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் குழாயில் தண்ணீர் வருகிற நாளை எதிர்பார்த்துத்தான் பெண்களின் வேலை நகர்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பதும் உண்டு. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மணலுக்குள் மேலடுக்கில் மழைநீர், அதற்குக் கீழே உப்புநீர். கனத்த உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பு ஏறிவிடும், அதனால்தான் கிணறாக வெட்டாமல் பள்ளமாக விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் உண்மையிலேயே இனிப்பாக இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் கையை விட்டுக் கலக்க விடாதீர்கள், அது ஒரு வீட்டின் அன்றாடத் தண்ணீர்.

திதி விஷயம். மற்றக் கடற்கரைகளில் குறிப்பிட்ட நாட்களில்தான் நீராட வேண்டும், சேதுவில் மட்டும் எந்த நாளும் நீராடலாம் என்பது பெரியவர்கள் வழக்கு. அதனால் அமாவாசைக் கூட்டம் தாங்காது என்றால், மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிவந்து நிதானமாக ஒரு முங்கு போட வைக்கலாம். கரை ரொம்பத் தூரம் ஆழமில்லாமல் போகும். வயதானவர்களும் பயமில்லாமல் இறங்கலாம், காலுக்கடியில் கல்லும் சிப்பியும் இருக்கும் என்பது மட்டும் கவனம். இன்னொன்று, உடுத்திய வேட்டி சேலையைக் கடலில் விட்டுவிட்டு வருவது சாஸ்திரம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தத் துணி எங்கேயும் போவதில்லை. வலையில் சிக்கும், படகு இன்ஜின் விசிறியில் சுற்றும், மீதி பாசி வளர்கிற பாறையில் போய்ப் படியும். கரைவாசிகள் இதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்விட்டார்கள்.

இப்போது கடலுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். ராமேஸ்வரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கம், எங்கள் ஆட்களுக்கு வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். சேதுக்கரை தென்கடல் கரை. ஆடி மாதம் தெற்கிலிருந்து காற்று அடித்துத் தூக்கும். தென்கடல் கலங்கி, நுரைத்து, கரையெல்லாம் பாசி ஒதுங்கிக் கிடக்கும். அதே நாளில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். அப்போது தென்கடல் அடங்கிவிடும், வடகடல் பொங்கும். காற்று மாறினால் படகைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குத் தொழிலை மாற்றுகிறவர்கள் உண்டு. ஆகவே நீங்கள் வரப்போகிற மாதம், கடலைப் 'பார்க்க' அவ்வளவு நல்ல மாதம் அல்ல. தண்ணீருக்கு அடியில் பாறையும் மீனும் தெரிகிற கண்ணாடிக் கடல் வேண்டும் என்றால் தையில் வர வேண்டும். திதி நமக்காகக் காத்திருக்காது என்பதால் ஆடியிலேயே வருகிறீர்கள், சரி. அதற்கேற்றபடி இரண்டு நாளை அமைத்துக்கொள்ளலாம். கோயிலும் ஊரும் தெற்கே, தண்ணீரில் இறங்கி விளையாட வடக்கே.

பிள்ளைகள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: ராமர் பாலம் எங்கே? சேதுக்கரையிலிருந்து தெரியாது. மணல் திட்டுகளாக இலங்கைப் பக்கம் போகிற அந்த வரிசை தொடங்குவது தனுஷ்கோடி அரிச்சல்முனையில். இங்கிருந்து கிழக்கே 60 கிலோமீட்டருக்கு மேல். அணை கட்ட ராமர் கிளம்பிய இடம் இது என்பது சேதுக்கரையின் தலபுராணம், ஆஞ்சநேயர் இங்கே தெற்கு நோக்கி நிற்பதும் அதனால்தான். தொலைநோக்கி வைத்துக்கொண்டு பாலம் காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டும் கல்லைப் பார்த்திருப்பீர்கள், அது பவளக்கல் வகை. உள்ளே துளைகள், அதில் காற்று. பக்தியோடு பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லலாம், அவர்களுக்குக் குழப்பம் வராது, நமக்குத்தான் வரும்.

திருப்புல்லாணியை அவசரமாகப் பார்க்காதீர்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயில், தாயார் கல்யாணவல்லி. ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது தர்ப்பசயன ராமர். கடலரசனிடம் வழி கேட்டு ராமர் மூன்று நாள் தர்ப்பைப் புல்லின் மேல் கிடந்தார் என்பது கதை. அந்தக் கோலத்திலேயே சன்னதியில் படுத்திருக்கிறார். பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தை நாம் எத்தனையோ கோயிலில் பார்த்திருக்கிறோம், ராமர் படுத்திருப்பதைப் பார்ப்பது அரிது. அதுவும் ஒரு காரியம் ஆகவேண்டி, ஒருவர் வாசலில் காத்துக்கிடக்கிற ராமர். எனக்கு இந்த ஊர் ராமரைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். குழந்தை வேண்டிப் பாயசம் படைப்பது இங்கே வழக்கம். தசரதனே இங்கே வேண்டிக்கொண்டான் என்பார்கள். சந்தான கோபாலன் சன்னதியில் அந்த வேண்டுதலோடு வந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய அரசமரம், முன்னால் சக்கர தீர்த்தம். திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பற்றிப் பாடும்போது பனையும் அன்றில் பறவையும் வருகின்றன. அன்றிலை இன்று யாரும் பார்ப்பதில்லை. பனை அப்படியே நிற்கிறது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

கரையில் நடக்கும்போது, வெயிலில் பரப்பி உலர்த்திய பாசியைப் பார்த்தால் நில்லுங்கள். பெரியபட்டினம் தொடங்கி ஏர்வாடி வரை இந்தக் கரையில் பெண்கள் செய்கிற தொழில் அது. விடிவதற்கு முன்னால் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்வார்கள், இடுப்பில் வலைப்பை. ஆக்சிஜன் கிடையாது, மூச்சடக்கித்தான். முங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு பாசியைப் பறித்து, பையில் அடைத்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்கு. இப்படி மணிக்கணக்கில். நடுவயதுப் பெண்கள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை போகிறார்கள். கடல் தொழில் என்றால் ஆண்கள் தொழில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சி.

பறிப்பதில் மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் மதிப்பு, அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரை என்கிற பழுப்புப் பாசி அல்ஜினேட் எடுக்கப் போகிறது. ஐஸ்கிரீம், மருந்து, துணிச் சாயம் என்று எங்கெங்கோ சேர்கிறது. கஞ்சிப்பாசி என்று ஒன்று, பேருக்கேற்றபடி காய்ச்சினால் கஞ்சியாகக் கெட்டிப்படும். எல்லா நாளும் போவதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாட்களைப் பார்த்துப் போவார்கள். கையால் பறிக்க வேண்டும், வேரோடு சுரண்டக்கூடாது, வளர்கிற காலத்தில் சில வாரம் விட்டுவைக்க வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. ஆனால் தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பூங்காவுக்குள் போனால் காட்டிலாகா பிடிக்கும், போகாவிட்டால் அடுப்பெரியாது. இந்த இழுபறி இன்னும் தீர்ந்தபாடில்லை. என் பங்குக்கு ஒன்று சொல்வேன்: பவளப்பாறை எந்த இடத்தில் செத்தது, எந்த இடத்தில் பிழைத்தது என்று முங்கிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதைக் காப்பது லேசான காரியம் இல்லை. படம் எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். உலர்த்துகிற பாசியின் மேல் நடக்காதீர்கள்.

அந்தத் தீவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே மொத்தம் 21 தீவுகள், அவற்றில் 7 கீழக்கரைத் தொகுதி. முள்ளி, வாளை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். எல்லாமே பவளப்பாறையின் மேல் மணல் சேர்ந்து உண்டான தாழ்ந்த தீவுகள். வானம் தெளிந்திருந்தால் கரையிலிருந்து கறுப்புக் கோடாகத் தெரியும். பூவரசன்பட்டி கடலுக்கடியில் போய்விட்டது. ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டியெடுத்ததற்கு அதிலே பெரிய பங்கு உண்டு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற சர்ச்சின் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரியும், பவளக்கல்தான். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தபிறகு வெட்டுவது படிப்படியாக நின்றது. ஆனால் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போவதைச் சட்டம் போட்டு நிறுத்த முடியவில்லை. 2010-இலும் 2016-இலும் நல்ல அடி.

தீவுகளுக்கு நாம் நினைத்தபடி போக முடியாது, அனுமதி வேண்டும். படகுக்காரர் யாராவது "சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன் சார்" என்றால் வேண்டாம், மாட்டுவது அவர்தான். அதற்குப் பதில் ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசை என்ற ஊரில் வனத்துறையே படகு விடுகிறது. கடலுக்கு நடுவே மணல் திட்டில் இறங்கி நிற்கலாம், அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளம் பார்க்கலாம். காற்றடிக்கிற நாளில் படகு விடமாட்டார்கள், விட்டாலும் கலங்கலில் ஒன்றும் தெரியாது. ஆடியில் வருகிறீர்கள் என்பதால், கிளம்புவதற்கு முன் விசாரித்துவிட்டுப் போங்கள். கரையில் கடல் குதிரை, பவளத் துண்டு, ஐவிரல் சங்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். விற்கிறவருக்கும் வழக்கு, வாங்குகிறவருக்கும் வழக்கு. கடல் அட்டையும் அந்தக் கணக்கில்தான்.

சேதுக்கரையிலிருந்து மேற்கே கீழக்கரை. என்னைக் கேட்டால் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆகக் குறைவாகப் பேசப்பட்ட ஊர் இதுதான். மரைக்காயர்கள் கப்பல் விட்ட ஊர், முத்தும் சங்கும் எடுத்த ஊர். கடலடியில் கிடைக்கிற வெண்சங்கு இங்கிருந்து வங்காளத்துக்குப் போகும். அங்கே கல்யாணமான பெண்கள் கையில் போடுகிற சங்கு வளையல் இங்கே சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துக்கொடுத்தது. இந்த ஊர்க்காரர்தான் வள்ளல் சீதக்காதி. 17ஆம் நூற்றாண்டுக்காரர், ஷேக் அப்துல் காதர் என்ற பெரிய தம்பி மரைக்காயர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறோமே, அவரேதான். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். ராமர் அணைக்குக் காவல் என்று பட்டம் சூட்டிக்கொண்ட அரசருக்கு வலது கை ஒரு முஸ்லிம் கப்பல் வியாபாரி, இஸ்லாமியக் காவியத்துக்குத் துணை அந்த வியாபாரி. இந்தக் கரையில் இதெல்லாம் யாருக்கும் விசித்திரமாகப் பட்டதில்லை.

அவர் பெயரால் அழைக்கப்படும் ஜும்மா பள்ளிவாசலைப் பாருங்கள். கல்தூணும் போதிகையும் பூ வேலையும் பார்த்தால் நம் ஊர்க் கோயில் மண்டபத்துக்குள் நிற்கிற நினைப்பு வரும். அதே சிற்பிகளின் கை, உருவம் மட்டும் இல்லை, கொடியும் பூவும்தான். தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமான உடையில், அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெண்களை எதுவரை அனுமதிப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது தொதல் வாங்க மறக்காதீர்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை ஓயக் கிண்டுகிற கறுப்பு அல்வா. நல்ல தொதல் கையில் ஒட்டாது, எண்ணெய் விட்டுப் பளபளக்கும். வட்டலப்பம் என்கிற முட்டை இனிப்பு கிடைத்தால் அதையும் விடாதீர்கள், முட்டை சாப்பிடுகிறவர்களாக இருந்தால்.

சேதுக்கரைக்குக் கிழக்கே உள்ள பெரியபட்டினத்தை இன்று பார்த்தால் சாதாரணக் கடலோர ஊர். ஆனால் அகழாய்வில் 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்த இடம் அது. சீனக் கப்பல் சரக்கு இறங்கிய துறைமுகம். போய்ப் பார்க்க அங்கே காட்சிசாலை ஒன்றும் இல்லை, கடந்துபோகும்போது பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம்.

ஏர்வாடி தர்கா, சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷாவின் அடக்கத்தலம். சந்தனக்கூடு சமயத்தில் எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். மனநோய் உள்ளவர்களைக் கொண்டுவந்து விடுகிற வழக்கமும் நெடுநாளாக இருந்தது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் தர்காவில் சிலரைப் பார்த்து மிரளலாம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அழைத்துப் போங்கள்.

உத்தரகோசமங்கை கட்டாயம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று அந்த ஊரின் பழமைக்குச் சொல்லடை. மாணிக்கவாசகருக்கு மனசுக்குப் பிடித்த ஊர். ஊஞ்சல் பாட்டே இந்த ஊருக்குப் பாடியிருக்கிறார். மரகத நடராஜர் இங்கேதான். ஆளுயரப் பச்சைக்கல் சிலை, வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கும். மேளச் சத்தத்துக்கே மரகதம் விரிசல் விடும், அதனால் காப்பு என்பார்கள். மார்கழித் திருவாதிரைக்குக் காப்பைக் களைகிற நாள் மட்டும் பச்சை மேனியைப் பார்க்கலாம், அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. நீங்கள் போகும்போது சந்தன மேனிதான் தெரியும். அதற்காக ஏமாற வேண்டாம். ஆயிரம் சின்னச் சின்ன லிங்கம் செதுக்கிய சகஸ்ர லிங்கமும், ஊருக்கே பழைய இலந்தை மரமும், ஆளில்லாத நீண்ட பிரகாரமும் இருக்கின்றன. சிவன் கோயில்களில் பொதுவாகச் சேர்க்காத தாழம்பூவை இங்கே சாத்துவார்கள்.

வடகடல் பக்கம் தேவிபட்டினம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் ஒன்பது கற்கள், நவபாஷாணம். ராமர் நவக்கிரகங்களாக நட்டவை என்று ஐதீகம். கடல் ஏறினால் சில கற்கள் தலைமட்டும் காட்டும், இறங்கினால் இடுப்புவரை தெரியும். ஆடியில் இந்தப் பக்கம் அமைதி என்று சொன்னேனே, பிள்ளைகள் தண்ணீரில் நிற்பதற்கு இதுவே சரி. பக்கத்திலேயே கடலடைத்த பெருமாள் கோயில். பழைய காலத்தில் சேது யாத்திரை போகிறவர்கள் உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுக் கிளம்பி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று வந்து ராமேஸ்வரம் போவார்கள். வழிநெடுகச் சேதுபதிகள் கட்டிய சத்திரங்கள் இருந்தன. நேரம் மீந்தால் இன்னும் வடக்கே காரங்காட்டில் வனத்துறை விடுகிற படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போய்வரலாம். உங்கள் பிள்ளைகள் மொத்தப் பயணத்திலும் இதைத்தான் பேசப்போகிறார்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. ராமாயணம், சேதுபதி தர்பார், மராட்டியரோடு சண்டை, வெள்ளைக்காரர்களைச் சந்திப்பது எல்லாம் சுவரில் ஓடுகின்றன. வெளியே வெயில் கொளுத்தும் மத்தியானத்தை அங்கே கழிப்பது நல்லது, கோயில்களும் அப்போது சாத்தியிருக்கும்.

வாலிநோக்கம், மாரியூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் எல்லாம் இந்தமுறை வேண்டாம். வாலிநோக்கத்தில் அழகான வளைந்த கரையும் அரசு உப்பளமும் உண்டு, மாரியூரில் கடலோரச் சிவன் கோயில், சித்திரையில் சிவன் வலைவீசிச் சுறாவை அடக்குகிற திருவிழா. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பறவைகள் சரணாலயங்கள், ஆனால் பறவைகள் வருவது வாடைக்காலத்தில். ஆடியில் கண்மாய் வறண்டு கிடக்கும், வெறும் கருவேல மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

தங்குவதற்குச் சேதுக்கரையில் வசதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் அறை எடுத்தால் நான் சொன்ன எல்லா இடமும் ஒரு மணி நேரத்துக்குள், காரங்காடு மட்டும் கூடுதலாகப் பிடிக்கலாம். திதி நாளில் சைவம் என்பீர்கள். மறுநாள் மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் விளமீன், பாறை, ஊளி, நீல நண்டு எது புதிதாக வந்திருக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். குழம்பு காரமாக இருக்கும், அது முண்டு மிளகாய், குண்டாக இருக்கிற எங்கள் ஊர் வற்றல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரத்தைவிட நிறமும் வாசனையும்தான் அதன் பலம், கால் கிலோ வாங்கிப் போங்கள்.

வரிசை இப்படி வைக்கலாம். அமாவாசையன்று விடியுமுன் சேதுக்கரை, திதி முடித்துத் திருப்புல்லாணி, பிறகு அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், அம்மாவுக்கு அதுவே அதிகம். மறுநாள் காலை உத்தரகோசமங்கை, ஏர்வாடி வழியாகக் கீழக்கரை, சாயங்காலம் கூட்டமில்லாத சேதுக்கரைக்கு மறுபடி ஒருமுறை. மூன்றாம் நாள் காலை தேவிபட்டினம், மத்தியானம் அரண்மனை, முடிந்தால் காரங்காடு. அரண்மனை திறந்திருக்கிற நாளா என்று மட்டும் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

அமாவாசையன்று திருப்புல்லாணியிலிருந்து கரைவரைக்கும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். காலை 5 மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் காரைக் கரைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், தாமதித்தால் அம்மாவை நடக்கவைக்க வேண்டியிருக்கும். எள்ளும் தர்ப்பையும் பச்சரிசியும் முந்தின நாளே ராமநாதபுரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்குக் கரையில் விலை ஏறிவிடும். ஐயரிடம் தட்சிணையை உட்காருவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.